டாக்டர் வரட்டும்

என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. கால்நடைப் பராமரிப்பில் டிப்ளமோ படித்துவிட்டு மாட்டுங்காவில் ஒரு சின்னப் பிராணி கிளினிக்கில் உதவியாளராக இருப்பவள். சில நாடுகளில் என் வேலையைச் செய்கிறவர்களுக்கு நர்ஸ் என்று பெயரும் தனிப் பதிவும் உண்டாம். இங்கே எங்கள் டாக்டர் மேடத்துக்கு மட்டும்தான் கால்நடைக் கவுன்சிலில் பதிவு எண். வாசல் பலகையில் அவர் பெயருக்குக் கீழே அது இருக்கும். அவர் சொன்னால் நான் காயத்துக்குக் கட்டுப் போடலாம், தடுப்பூசி போடலாம். மருந்து எழுதக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது. ஒரு பிராணி செத்துவிட்டது என்று சொல்லவும் கூடாது.

அந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம். விறைத்துப்போய் எறும்பு மொய்க்கிற நாயைக் கொண்டுவந்து மேசையில் போட்டாலும் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக் கூடாது. "டாக்டர் வரட்டும்" என்பேன். பயிற்சிக் காலத்தில் எங்கள் மண்டையில் அடித்து ஏற்றிய பாடம் அது. தாராவியிலிருந்து வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. நான் அப்படிச் சொன்னதுமே பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்றைக்கு விடாத மழை. மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. மேடம் சான்பாடாவிலிருந்து வருகிறவர். குர்லாவில் தண்டவாளம் முழுகிவிட்டது, லோக்கல் ரயில் செம்பூரிலேயே நிற்கிறது என்று போனில் சொன்னார். கரண்ட் வேறு போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு ட்யூப்லைட். ஊருக்குப் போனவர்கள் எங்களிடம் விட்டுச்சென்ற இரண்டு நாய்கள் உள்ளே கூண்டில் காலையிலிருந்து தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பாய் வந்தார். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். இடுப்பு வரை நனைந்திருந்தார். கையில் ஒரு சாக்கு, அதற்குள் அவருடைய பூனை. அதை மேசையில் வைத்ததும் நாய்கள் இரண்டும் குரைப்பதை நிறுத்தின.

"கார்கானாக்குள்ள தண்ணி வந்துட்டு, டாக்டரம்மா. தோல் கட்டுக்கு அடியில கெடந்துச்சு. கொஞ்சம் பாருங்க."

"நான் டாக்டர் இல்ல பாய்."

"யாரா இருந்தா என்ன, பாருங்க தங்கச்சி. என் வீட்டுக்காரி வளத்தது. அவ மவுத்தானதுக்குப் பொறவு, தெனமும் அவ தையல் மெஷினு பக்கத்துல போயிதான் படுக்கும்."

தொட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இறைச்சி மாதிரி இருந்தது. கால்கள் மடங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. கறுப்பு மணி விரிந்து விரிந்து கண் முழுவதையும் நிறைத்திருந்தது. மூக்குக்கு முன்னால் கண்ணாடியைக் காட்டினேன், ஆவி படியவில்லை. மேடத்தைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"டெம்பரேச்சர் என்ன?"

"தெர்மாமீட்டர்ல ஏறவே இல்ல மேடம்."

"ஹார்ட்?"

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். துடிப்பு கேட்டது. வேகமாக, தெளிவாக. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லா கேக்குது மேடம்!"

மேடம் நம்பவில்லை. "அவ்ளோ நல்லா கேக்க சான்ஸ் இல்லையே. இன்னொரு கையை உன் கழுத்துல வை. ரெண்டும் சேர்ந்து அடிக்குதா பாரு."

வைத்தேன். காதில் ஒன்று, விரலில் ஒன்று. இம்மி பிசகாமல் சேர்ந்து அடித்தன.

"சேந்துதான் அடிக்குது மேடம்."

"அப்ப அது பூனை இல்ல, நீ," என்றார் மேடம். "ஆனா அதை வச்சு எந்த முடிவுக்கும் வராத. இவ்ளோ சில்லுன்னு இருக்கிற உடம்பைச் சூடு பண்ணிப் பாக்காம நானே முடிவு சொல்ல மாட்டேன். மெதுவா சூடு பண்ணு. மாஸ்க்ல ஆக்ஸிஜன் வை. திரும்பத் திரும்பக் கேளு. நான் இறங்கி நடந்து..." அதோடு போன் அடங்கிவிட்டது.

பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டுதா?"

"டாக்டர் வரட்டும் பாய்."

வேறு என்ன சொல்ல? அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். உதடுகள் ஏதோ ஓத ஆரம்பித்தன. ஓதி முடித்துவிட்டு எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். "குடுங்க தங்கச்சி. மழை கொஞ்சம் விட்டுருக்கு. கொண்டு போயிப் பொதைச்சிருதேன்."

"தர மாட்டேன்," என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்குக் கோபத்துக்குள் பயமும் இருந்தது. அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றி, துண்டில் சுற்றி, பூனையின் நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். ஆக்ஸிஜனைத் திறந்தேன். காது வைத்தேன். துடித்தது. கழுத்தைத் தொட்டால் நான்தான். பாட்டில் ஆறியதும் மாற்றிவிட்டு மறுபடியும் வைத்தேன். மறுபடியும் நான்தான். அந்தக் குளிர்ந்த நெஞ்சுக்குள் நானே போய் உட்கார்ந்துகொண்டு கதவைத் தட்டுவது போல இருந்தது. நிமிர்ந்தால் கூண்டில் இரண்டு நாய்களும் கம்பிகளில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்க்கவில்லை, பூனையையும் பார்க்கவில்லை. மேசைக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தன. அங்கே திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாட்டில்களை எத்தனை தடவை மாற்றினேன் என்று தெரியாது. மறுபடி காது வைத்தேன். என் துடிப்பு, என் துடிப்பு, என் துடிப்பு. அவற்றுக்கு நடுவே இன்னொன்று.

என் விரலில் அது அடிக்கவில்லை. மெதுவாக, ரொம்பத் தூரத்திலிருந்து ஒரு தட்டு. பிறகு ஒன்றுமே இல்லை. போய்விட்டது என்று நினைத்த பிறகு இன்னொரு தட்டு. முதலில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, ஸ்டெதஸ்கோப்பை வீசிவிட்டு ஓடத்தான் தோன்றியது. உயிர் இருக்கிறது என்று சொல்லவும் பயந்து, பாயைக் கூப்பிட்டு அவர் காதில் மாட்டிவிட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆவதற்குள் பூனை மூச்சை இழுத்தது. அடுத்து உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. நாய்கள் மறுபடி குரைத்தன. அந்தக் கர்ண கடூரம் அன்றைக்குத்தான் எனக்குப் பாட்டாகக் கேட்டது. மேடம் முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார். பார்த்தார், ஊசி போட்டார், "பிழைச்சுடும் பாய். ராத்திரி இங்கயே இருக்கட்டும்," என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பதிவு எண் இருக்கிறது.

மேடம் உள்ளே கை கழுவப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. பாய் செருப்பை மாட்டிக்கொண்டும் வாசலை விட்டு இறங்காமல் நின்றார். என் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, என் வீட்டுக்காரி கையும் இதே மாதிரிதான் சில்லுன்னு இருந்துச்சு. கண்ணும் இப்படித்தான் தொறந்து கெடந்துச்சு. டாக்டரு வந்தாரு. இதை வச்சாரு, எடுத்தாரு. அவ்வளவுதான். நாங்களும் அஸர் தொழுகைக்கு முன்னாலயே அடக்கிட்டோம். அவரு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கணுமோ?"

நான் அந்த அம்மாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. மனுஷ உடம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மேடத்தைக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். டாக்டர் வரட்டும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவரிடம் போய் அதைச் சொன்னால் இந்த மனுஷன் இனி எந்த ராத்திரியும் தூங்கமாட்டார், மண்ணில் காதை வைத்துக்கொண்டுதான் கிடப்பார் என்று பட்டது.

"அவங்க போயிட்டாங்க பாய்," என்றேன். "டாக்டர் வர்றதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. நான் சொல்லுதேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"நீங்க சொன்னா சரிதான், டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்.

அந்த ஒரு தடவை நான் அவரைத் திருத்தவில்லை.