ஐம்பத்தொரு கிலோ

முனிரத்தினம் அண்ணனுக்குக் குத்துச்சண்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அவ்வளவாகத் தெரியாது என்பதைத் தாய்லாந்துப் பையன் ஒருவன் சென்னையில் ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டான். ஆனால் நான் வெறுமனே குத்து வாங்கப் போனவன். அவர் எங்களுக்கு மேனேஜராக வந்தவர். ஆம்பூரில் எடை என்றால் முனிரத்தினம் என்று இருந்ததுதான் அந்தப் பதவிக்கு அவருடைய ஒரே தகுதி.

பெரிய டேனரி ஒன்றில் அவர் தராசுக்காரர். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் ஆளுயரத் தராசு. ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் இரும்புக் கல். உப்புப் போட்ட பச்சைத்தோல், கடுக்காய் மூட்டை, தோல் பதனிட மலையடிவாரத்துப் பெண்கள் உரித்துக் கொண்டுவரும் ஆவாரம்பட்டை எல்லாம் அவர் வாயால் ஓர் எண் சொன்ன பிறகுதான் உள்ளே போகும். முள் நடுவில் வந்து நிற்கும்வரை பேச மாட்டார். விற்க வந்தவர்கள் குழைந்தாலும் சரி, முதலாளியின் மச்சான் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தாலும் சரி, முள் காட்டியதைத்தான் சொல்வார். "நான் சொல்றது இல்லப்பா, கல்லு சொல்றது" என்பார். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுபத்தெட்டில் எங்கள் ஷூ கம்பெனியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் பையன்களைப் பிடித்துவைத்துக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். பத்துப் பேரில் தொடங்கி, மூக்கு உடைய உடையக் குறைந்து, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். ஒருவன் நான், நந்தகோபால். குடியாத்தத்து லுங்கித் தறிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஆம்பூருக்கு வந்தவன். இன்னொருவன் லோகநாதன். நாட்றம்பள்ளிக்கு இந்தப் பக்கம், மலையடியில் ஒரு சின்ன ஊர். அவன் அம்மா கங்கம்மாள் ஆவாரம்பட்டை உரிக்கிறவர். என்னை விட்டுத்தள்ளுங்கள். லோகநாதன் நிஜமான குத்துச்சண்டைக்காரன். அவன் கை கிளம்புவது தெரியாது, வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்.

இந்த விளையாட்டில் எடைதான் வாசற்படி. லோகநாதன் ஐம்பத்தொரு கிலோப் பிரிவு. போட்டியன்று காலை எடை பார்ப்பார்கள். ஐம்பத்தொன்றோ அதற்குக் கீழோ இருந்தால் உள்ளே, ஐம்பது கிராம் கூடினாலும் வெளியே. எங்களிடம் ஏது தராசு? ஹவில்தார் எங்களை முனிரத்தினம் அண்ணனிடம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேனரி காலியாக இருக்கும். பட்டை கிடக்கும் தட்டைத் துடைத்து லோகநாதனைச் சப்பணமிட்டு உட்காரவைப்பார், கோயிலில் துலாபாரம் கொடுக்கிற மாதிரி. "ஆடாதடா, முள்ளு ஆடுது" என்பார். சொன்ன எண்ணை ஹவில்தார் வேதவாக்காக எடுத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பார், கூட்டுவார்.

மாநிலப் போட்டியில் லோகநாதன் ஜெயித்தான்; அப்போது அவன் அண்ணன் தராசில் நாற்பத்தொன்பதுதான், எடையில் சிக்கலே வரவில்லை. நான் மூன்றாவதாக வந்தேன், மொத்தமே நான்கு பேர். மறுவருடம் சென்னையில் ஆறு நாடுகள் கலந்துகொள்ளும் அழைப்புப் போட்டிக்கு இருவருக்கும் கடிதம் வந்தது. இறுதிச்சுற்றுக்குப் போகிற நம் பையன்களைத் தேசிய முகாமுக்குக் கூப்பிடுவார்கள் என்று அதிலேயே போட்டிருந்தது. லோகநாதன் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஹவில்தாருக்கு மஞ்சள் காமாலை. "எடைதான் முக்கியம், மத்தது லோகு பாத்துக்குவான். நீ கூடப் போய்ட்டு வா" என்று படுக்கையிலிருந்தே முனிரத்தினம் அண்ணனிடம் எங்களை ஒப்படைத்தார்.

கிளம்பிய அன்று காலையில் தட்டில் உட்காரவைத்தபோது லோகநாதன் ஐம்பதரை. அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"அரைக் கிலோ கம்மியாத்தான்டா கீற. தைரியமா வா."

சென்னையில் பெரியமேட்டில் டேனரி முதலாளியின் தோல் கிடங்கிலேயே தங்க இடம் கொடுத்திருந்தார்கள். பதனிட்ட தோலை அங்கேதான் எடை போட்டு விற்பார்கள். கிடங்கில் தராசைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. லோகநாதனை ஏற்றினார். ஐம்பத்திரண்டரை காட்டியது.

நான் குனிந்து முள்ளைப் பார்த்தேன். "இன்னாண்ணா இது? காலைல ஐம்பதரை சொன்ன!"

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இது மெட்ராஸ் தராசுடா. யார் கையில இருக்குதோ இன்னாவோ. என் கல்லு பாத்து நான் சொல்லிட்டேன் இல்ல?"

அதோடு விட்டாரா? ரயிலில் வந்த களைப்பில் பையன் வாடிப்போயிருக்கிறான் என்று மனம் பொறுக்காமல், அரைக் கிலோ மிச்சம் இருக்கும் தைரியத்தில், எதிர்க் கடையில் இரண்டு புரோட்டாவும் ஒரு தம்ளர் பாலும் வாங்கிக் கொடுத்தார். லோகநாதன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவர்தான் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் தின்றிருப்பீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எடை. நான் ஏறினேன், தப்பித்தேன். லோகநாதன் ஏறினான். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "ஐம்பத்தொன்று எண்ணூறு" என்றார்.

லோகநாதன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் நேராக அதிகாரியிடம் போனார்.

"சார், உங்க மிஷின்ல இன்னாவோ கோளாறு. நான் பத்தொம்போது வருஷமா எடை போடறவன்."

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மேசைக்கு அடியில் முத்திரை குத்திய எடைக்கற்கள் இருந்தன. "நீங்களே வைத்துப் பாருங்கள்" என்றார். அண்ணன் குனிந்து ஓர் இருபது கிலோக் கல்லைத் தூக்கினார். மேடையில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை மெல்ல ஏற்றி இறக்கினார். அப்புறம் இடது கைக்கு மாற்றிப் பார்த்தார்.

"இது இருபதா சார்?" என்று கேட்டார்.

"இருபதுதான். முத்திரையைப் பாருங்கள்."

ஒரு நாளைக்கு இருநூறு தடவை அவர் தூக்கி இறக்கிய ஆம்பூர்க் கல் இதைவிடக் கனம். அது அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. கல் கனமாக இருந்தால் தட்டில் வைக்கிற சரக்கு குறைவாகக் காட்டும். ஆம்பூரில் முதலாளி வாங்குகிறவர், அங்கே குறைவாகக் காட்ட வேண்டும். பெரியமேட்டில் விற்கிறவர், அங்கே அதிகமாகக் காட்ட வேண்டும். ஒரே முதலாளி, இரண்டு தராசு, நடுவில் எங்கள் லோகநாதன். வருடத்துக்கொரு முறை முத்திரை போட அதிகாரிகள் வரும் அன்று மட்டும் ஆபீஸ் அறையிலிருந்து வேறு கற்கள் வரும் என்பதைப் பிற்பாடு அண்ணனே என்னிடம் சொன்னார். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவில்லை என்றார். தோன்றாமலா இருக்கும், தோன்றவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் எல்லோரும் செய்வதுதான்.

"எட்டு மணி வரை நேரம் இருக்கிறது. குறைத்துக் கொண்டுவந்தால் மறுபடி பார்க்கலாம்" என்றார் அதிகாரி.

எண்ணூறு கிராம், ஒரு மணி நேரம். லோகநாதன் மைதானத்தைச் சுற்றி ஓடினான். வியர்க்கவேண்டுமே, ஆம்பூர்க்காரனிடம் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? நேபாளத்து மேனேஜர் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கொடுத்தார். மார்ச் மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஓடினான். நாற்பத்தாறு வயது அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். அவர் ஓடி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் ஓடினார். ஒவ்வொரு சுற்றுக்கும் "என்னால வந்ததுடா, என்னால வந்தது" என்று மூச்சிரைத்தார். வாயில் புளியை அடக்கிக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே ஓடினான் லோகநாதன். ஏழே முக்காலுக்கு ஏற்றிப் பார்த்தோம். இன்னும் நூறு கிராம்.

லோகநாதனுக்குக் காதை மூடும் சுருட்டை முடி. பத்து மாதம் ஆசையாக வளர்த்தது. தெருமுனையில் மரத்தடி நாவிதரிடம் போய் மொட்டையடித்துக்கொண்டு, அண்ணன் தோள்துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். எட்டுக்கு இரண்டு நிமிடம். ஐம்பத்தொன்று சரியாக நின்றது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மங்கோலியாப் பையன்கள் கைதட்டினார்கள்.

அன்று மாலை நான் தாய்லாந்துப் பையனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதைப் பற்றி இதற்குமேல் சொல்லப்போவதில்லை. லோகநாதன் இலங்கைப் பையனை மூன்றுக்கு இரண்டு என்று நடுவர் புள்ளியில் ஜெயித்தான். ரவுண்டுக்கு நடுவே மூலையில் உட்காரும்போது பயிற்சியாளர் ஏதாவது சொல்லவேண்டும். அண்ணனுக்கு என்ன தெரியும்? துண்டால் விசிறிக்கொண்டே "நல்லா கீதுடா, நல்லா கீது" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

இடையில் ஒருநாள் ஓய்வு. அரையிறுதியன்று காலை மறுபடி எடை. அந்த இரண்டு நாளும் அவன் சோறே தொடவில்லை, தண்ணீரை ஸ்பூன் கணக்கில் குடித்தான். உடம்பு முதல்நாளே வற்றிவிட்டது. ஒழுங்கான தராசு இருந்திருந்தால் மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தெம்போடு வந்திருப்பான். கொரியாப் பையனோடு முதல் ரவுண்டு முழுக்க லோகநாதன் கைதான் ஓங்கியிருந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். இரண்டாவது ரவுண்டு பாதியில் ஏதோ அணைந்துபோன மாதிரி இருந்தது. மூலைக்கு வந்தவன், "கால் இல்லண்ணா" என்றான்.

"போதும்டா. சொல்லிடறேன், நிறுத்திடலாம்."

"பைனலுக்குப் போணும்ணா" என்று எழுந்து போனான். மூன்றாவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்தான். இரண்டாவது முறை நடுவர் எண்ணி முடிக்கவில்லை, கையை அசைத்து நிறுத்திவிட்டார். அண்ணன் கயிற்றுக்குள் நுழைந்து அவனை இரண்டு கைகளிலும் வாரித் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே இறக்கியதும் என்னிடம் சொன்னார், "ஐம்பதுகூட இல்லடா நந்தா. ஐம்பதுகூட இல்ல."

வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள். முகாமுக்கு அழைப்பு வரவில்லை.

ரயிலில் லோகநாதன் அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு அவர்மேல் ஒரு துளிக் கோபமும் இல்லை. எனக்கு இருந்தது, காட்பாடி வரைக்கும் இருந்தது. அதற்குமேல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபமாக இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பட்டை வண்டிகள் வரும் நாள். எங்களுக்கு இன்னும் லீவு இருந்தது, லோகநாதனும் இன்னும் ஊருக்குப் போகவில்லை. இருவரும் டேனரிக்குப் போனோம். கங்கம்மாள் வண்டியிலிருந்து பட்டைக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு தராசடிக்கு வந்தார். அண்ணன் தட்டின் குறுக்கே நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இந்தக் கல்லு தப்புக்கா. இருபதுன்னு போட்டுக்கீது, ஆனா ஜாஸ்தி. இத்தினி வருஷமா உங்களுக்கெல்லாம் நான் கம்மியாத்தான் சொல்லிக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாதுக்கா."

கங்கம்மாள் கட்டை இறக்காமலே சிரித்தார்.

"அட ரத்தினம், இத சொல்லவா மூஞ்ச இப்பிடி வச்சிக்கினு நிக்கிற? எங்களுக்குத் தெரியாதா? தூக்கினு வர்ற கழுத்துக்குத் தெரியாதா இன்னா கனம்னு? அதுக்குத்தானே வரும்போது ஏரிக்கரையாண்ட நிறுத்தித் தண்ணி தெளிச்சுக்கினு வர்றோம். ஊருக்கே தெரியும். உன்ன ஒருத்தனத் தவிர."

வண்டிப் பக்கம் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அப்போதுதான் கங்கம்மாள் எனக்குப் பின்னால் நின்ற மகனைக் கவனித்தார். "இன்னாடா மொட்ட? சொல்லாம கொள்ளாம திருப்பதி போய்ட்டியா?"

நான்தான் நடந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே தட்டில் உட்காரவைத்து எடை பார்த்ததை, புரோட்டாவை, ஓட்டத்தை, கொரியாப் பையனை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தலையிலிருந்த கட்டைத் தரையில் போட்டார். மகனின் மொட்டைத் தலையைத் தடவினார். வீங்கிய கண்ணைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"பட்டைய ஏத்தினே, சரி. எம்புள்ளையயுமா இதுல ஏத்தினே? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ரத்தினம்."