முதல் எட்டு நொடி

அய்யாவின் தாத்தா ஒரு காலத்தில் கொழும்பு ஹோட்டலொன்றில் கிளாரினெட் வாசித்தவர். அவருடைய ஜாஸ் குழு பதிவு செய்தது ஒரே ஒரு இசைத்தட்டு. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்த அந்தத் தட்டின் ஓரம் சில்லு பெயர்ந்து, அவர் தனியாக வாசித்துத் தொடங்கும் முதல் எட்டு நொடி போய்விட்டிருந்தது.

அத்தைக்குச் சென்னையில் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றும் வேலை. நீண்ட லீவு போட்டு வந்து இதைக் கையிலெடுத்தாள். கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கவே இரண்டு வாரம் ஆனது. ஒன்பது வயதான நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 'டிக்' கேட்ட இடத்தில் கை தூக்க வேண்டும். போலீஸ்காரரின் கண்டிப்போடு தூக்கினேன்.

"நடுவுல அதே மெட்டு வருதுல்ல, அத வெட்டி முன்னால ஒட்டிரு" என்றார் அய்யா.

"அவரு ஆரம்பத்துல வாசிச்சது அது இல்லண்ணே."

குழுவின் டிரம்ஸ்காரர் தொண்டி ஆள் என்பது மட்டும் வீட்டில் தெரியும்; அவர் வீட்டிலும் ஒரு தட்டு இருக்கலாம். அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் தொண்டிக்குப் பஸ் ஏறி, தெருத்தெருவாக விசாரித்தாள். மூன்றாவது ஞாயிறு அவருடைய மகளைக் கண்டுபிடித்தோம். எழுபதைத் தாண்டியவர். அதே தட்டின் இன்னொரு பிரதி அவரிடம் இருந்தது, பீரோவில் சேலைகளுக்கு அடியில். புகுந்த வீட்டில் பாட்டுக்கு இடமில்லை என்பதால், கல்யாணத்துக்குப் பிறகு அதைப் போட்டுக் கேட்டதே இல்லையாம்.

"வெளிய குடுத்து விடமாட்டேன். வேணும்னா இங்கன வந்து எடுத்துக்க."

அடுத்த ஞாயிறு அத்தை மடியில் பிளேயர், என் மடியில் லேப்டாப். தட்டின் நடுவைப் பூஞ்சை அரித்திருந்தது, ஆனால் ஓரம் முழுசாக இருந்தது. ஊசியை வைத்ததும் கட்டையில் கட்டை மோதுவதுபோல 'டொக், டொக்' என்றது. பிறகுதான் கிளாரினெட். குழு தொடங்குவதற்கு டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டும் சத்தம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "வாப்பா" என்றார் மெதுவாக, தன் அப்பாவைக் கூப்பிடுவதுபோல. "இன்னொருக்கா போடு தாயி."

மூன்று முறை போடச் சொன்னார். மூன்று முறையும் கிளாரினெட் ஆரம்பித்ததும் போதுமென்று கை காட்டிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து நான் ஆறுதல் சொன்னேன்: "கவலப்படாதீக. அந்த டொக்கு டொக்க எங்க அத்தை எடுத்துருவாக."

அவர் அத்தையைப் பார்த்தார்.

"எடுக்கமாட்டேம்மா" என்றாள் அத்தை.

திரும்பும்போது பஸ் தேவிபட்டினம் தாண்டும்வரை நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாள் ஒரு சத்தத்தையும் விடாமல் துரத்தியவள், கடைசி இரண்டில் சோம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.