'கசங்கல்' குழுவும் இஸ்திரிக்காரரும்

'கசங்கல்' என்ற பாட்டுக் குழு எப்படிப் பிறந்தது என்று கேட்டால், அதன் தலைவன் முக்கால் மணி நேரம் பேசுவான். அந்த முக்கால் மணி நேரத்தில் ஆன்மா வரும், மண் வரும், மழை வரும். ஒரு இஸ்திரிக்காரர் மட்டும் வரமாட்டார். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பத்தொன்பது வருஷமாக அவர் ஒரே சலவைக்கடையில், ஒரே ஸ்டீம் பிரஸ்ஸின் முன்னால் நிற்கிறார். வாசலில் துணி வாங்கும் மேசை, நடுவில் வரிசை வரிசையாகத் தொங்கும் கோட்டுகள், கடைசியில் அவருடைய மிஷின். பெடலை மிதித்தால் மேல்பலகை 'தொம்' என்று இறங்கும். விட்டால் 'உஸ்' என்று ஆவி கிளம்பும். பெட்ஷீட் ஒன்றுக்கு நான்கு மிதி. நான்காவது மிதி தடித்த மடிப்பின் மேல் விழும் என்பதால் பலகை கொஞ்சம் தங்கி எழும். எவ்வளவு நேரம் தங்கவேண்டும் என்று அவர் எண்ணுவதில்லை. ஈரம் போனதும் துணியே அவர் கைக்குச் சொல்லிவிடும்.

மற்றபடி, அவருக்குத் தாளம் அறவே வராது என்பது இரண்டு குடும்பமும் ஏகமனதாக எடுத்த முடிவு. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். அவருடைய கல்யாண வரவேற்பில் யாரோ பாட, கூடமே கைதட்ட, மாப்பிள்ளையின் தட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பிந்தி வந்தது. பெண்ணின் தம்பி ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், நீங்க சும்மா இருங்க, பாட்டு தப்புது!" என்றான். கூடம் சிரித்தது. புதுப்பெண்ணும் சிரித்தாள். அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் எதற்கும் கைதட்டவில்லை. எல்லோரும் தட்டும்போது கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். வலித்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

மனைவி அதே கடையில் வாசல் மேசையில் வேலை பார்ப்பவள். துணிகளில் நம்பர் சீட்டைக் குத்தியபடியே பாடுவாள். பதினைந்து வருஷமாக அவள் பாட்டும் அவர் மிதியும் ஒரே கூரைக்குக் கீழே. அவள் மூச்சு எடுக்கும் இடம் எப்போதும் அந்த நான்காவது மிதியில்தான் இருக்கும். அவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கல்யாணத்தில் கையைப் பிடித்த அந்த மச்சினன்தான் பிற்காலத்தில் குழுத் தலைவன் ஆனான். பெயின்ட் கடை வேலையை விட்டுவிட்டதாக அவன் சொல்வான். பெயின்ட் கடை முதலாளி வேறு மாதிரி சொல்வார். எப்படியோ, ஒரு கிட்டார் வந்தது. கூடவே ஒரு கோட்டும் வந்தது. துணிக்கடையிலேயே கசக்கி விற்கிற கோட்டு. லாரியில் கட்டி இழுத்த மாதிரி இருக்கும்.

"அதைக் குடு, ரெண்டு நிமிஷத்துல தேச்சுத் தரேன்" என்றார் இஸ்திரிக்காரர். கை அரித்தது அவருக்கு.

"ஐயோ மச்சான், தொட்டுடாதீங்க! இந்தக் கசங்கல்லதான் உயிரே இருக்கு."

குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நாட்டுப்பாட்டும் சோல் இசையும் கலந்து தருவதாக ஏற்பாடு. சோல் என்றால் ஆன்மா என்று விளக்கினான். கொஞ்சம் மெதுவாகப் பாடுவது போலிருக்கிறது என்று இஸ்திரிக்காரர் புரிந்துகொண்டார். கிட்டார் இவன், குரல் அக்கா, வயலினுக்கு ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர். எல்லோருக்கும் கசங்கிய உடை கட்டாயம். முக்கியமான கொள்கை, மின்சாரம் தொடாத இசை. அதை அவன் போனில் சொல்லும்போது போன் சார்ஜரில் செருகியிருக்கும்.

பயிற்சிக்கு இடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆன்மா பிடிக்கவில்லை. கடைசியில் சலவைக்கடை மாட்டியது. தொங்கும் கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும், நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடலாம், ஆனால் அன்று ஹோட்டல் பெட்ஷீட் முழுக்கத் தேய்த்தாகவேண்டும் என்றார் முதலாளி. ஆக, குழுவின் கலைக்காக இஸ்திரிக்காரர் தன் ஒரே விடுமுறையைக் கொடுத்தார். யாரும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், கம்பளிகளுக்கு நடுவே போனை வைத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள்.

"மச்சான், ஒரு அஞ்சு நிமிஷம் அந்த மிஷினை நிறுத்துங்களேன்."

"நாலு மணிக்கு வண்டி வந்துடும்ப்பா."

"சரி விடுங்க, சத்தத்தை அப்புறம் எடுத்துடலாம்."

எடுக்கத் தெரியவில்லை. அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டான்.

மூன்று வாரத்தில் பாட்டு எங்கேயோ போய்விட்டது. பஸ்ஸில், டீக்கடையில், பல் டாக்டரின் வரவேற்பறையில், எங்கும் அதுதான். கேட்டவர்கள் குரலைப் புகழ்ந்தார்கள். வயலினையும் விடவில்லை. ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: அந்தத் தாளம். மண்ணின் இதயத் துடிப்பு என்றார் ஒருவர். நாலாவது அடியில் தன் இறந்துபோன காதலே மூச்சு விடுகிறது என்றார் இன்னொருவர். ஹோட்டல் மூன்றாம் மாடிப் பெட்ஷீட்டுகள் அத்தனை பேரை அழவைத்துக்கொண்டிருந்தன.

ரேடியோவில் பேட்டி வந்தது. இஸ்திரிக்காரர் கடையில் மிதித்துக்கொண்டே கேட்டார்.

"அது என்ன வாத்தியம்?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"மலையடிவாரத்துல ஒரு பெரியவர் செஞ்சு குடுத்தாருங்க. ஒரே மரத்துல குடைஞ்சது. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு." வாய் கூசாமல் அளந்துவிட்டான் மச்சினன்.

"நீங்க சொல்லுங்க மேடம், அந்தத் தாளத்தோட பாடறப்ப எப்படி இருக்கும்?"

இஸ்திரிக்காரரின் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. இப்போது சொல்வாள் என்று நினைத்தார்.

"நல்லா இருக்கும்" என்றாள் மனைவி.

பலகைக்குக் கீழே ஒரு தலையணை உறை கருகியது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அவர் கேட்டேவிட்டார். "ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"தம்பி அப்படிச் சொல்லிட்டானேங்க. எல்லார் முன்னாடியும் எப்படி அவனை..." மீதியை மென்று முழுங்கினாள்.

கச்சேரியோ கைதட்டலோ அவருக்கு வேண்டாம். அது என் வீட்டுக்காரரோட கால் என்று அவள் வாயால் ஒரு தடவை வரவேண்டும், அவ்வளவுதான். அது வரவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

குழு வளர்ந்தது. ஒரு மேளக்காரரை வைத்து ஊர் ஊராகப் பாடினார்கள். அவர் கெட்டிக்காரர், நான்கு அடியையும் அளந்து வைத்த மாதிரி சரியாக அடித்தார். பாட்டுக்காரிக்கு மூச்சு எடுக்க இடமே கிடைக்கவில்லை. பாட்டு ஏன் ரெக்கார்டில் மாதிரி இல்லை என்று ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. பெரிய அரங்கத்தின் அழைப்பு வந்தபோது அரங்கத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: அந்த அபூர்வ வாத்தியம் மேடையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கச்சேரி வேண்டாம்.

மச்சினன் முதல் தடவையாக மச்சானுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், உங்க மிஷினைக் கொண்டு வந்துடுவோம். நீங்க கறுப்புத் திரைக்குப் பின்னாடி நின்னு மிதிங்க. முன்னாடி மேளக்காரர் ஒரு மரத்தை வச்சுக்கிட்டுத் தட்டற மாதிரி ஆக்ஷன் பண்ணுவாரு."

இஸ்திரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"வரேன். ஆனா பெட்ஷீட் வேணும்" என்றார்.

"பெட்ஷீட் எதுக்கு? சத்தம்தானே வேணும், சும்மா மிதிச்சாப் போதாதா?"

"துணி இல்லாம எனக்கு வராதுப்பா."

"சரி சரி, கொண்டுவரச் சொல்றேன்." சொன்னதை வாசற்படியிலேயே மறந்துவிட்டான்.

கச்சேரி சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடைக்கு மேலே 'மின்சாரம் தொடாத இசை' என்று ஆள் உயர எழுத்து. திரைக்குப் பின்னால் கை தடிமனுக்கு ஒரு கேபிள் ஓடி, ஸ்டீம் பிரஸ்ஸுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் பக்கத்தில் கூடையைத் தேடினார். கூடையும் இல்லை, துணியும் இல்லை. கேட்பதற்குள் கிட்டார் ஆரம்பித்துவிட்டது.

வெறும் மிஷினை மிதித்தார். பலகை பலகையில் மோதி 'டணார்' என்றது. அடுத்தது சீக்கிரம் வந்தது, அதற்கடுத்தது தாமதமாக. எப்போது விடவேண்டும் என்று கைக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தார், எண்ணினால் அவருக்கு என்றைக்கு வந்திருக்கிறது? முன்னால் மேளக்காரரின் கை ஒரு பக்கமும் சத்தம் இன்னொரு பக்கமும் போயின. ஜனம் இருமியது. யாரோ சிரித்தார்கள். கல்யாணக் கூடத்தின் அதே சிரிப்பு. காது மடல் சுட, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

பாட்டு நின்றது. மனைவிதான் நிறுத்தினாள். திரும்பி நடந்து வந்து, கறுப்புத் திரையை ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளினாள். அரங்கம் மொத்தமும் ஒரு ஸ்டீம் பிரஸ்ஸையும், கையைத் தொங்கவிட்டு நின்ற ஒரு மனிதரையும் பார்த்தது.

"இந்தப் பாட்டுல நீங்க கேட்டது இந்த மிஷின்தான்" என்றாள் ஜனங்களிடம். "இவர் என் வீட்டுக்காரர். மலையும் இல்ல, மரமும் இல்ல. இவர் துணி தேய்க்கிற சத்தம். ரேடியோவுலயே நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

மச்சினனின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அவனிடம் போனாள்.

"கோட்டைக் கழட்டு."

"அக்கா, இந்தக் கோட்டா? இதுலதான்..."

"கழட்டுடா!"

கோட்டு பலகைக்கு வந்தது. இஸ்திரிக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். இரண்டு கை, முதுகு, கடைசியில் தடித்த கழுத்துப்பட்டி. கோட்டுக்கும் நான்கு மிதிதான். தொம், தொம், தொம். நான்காவது இறங்கித் தங்கியது. ஈரம் போகட்டும் என்று அவர் காத்திருந்தார். அந்த இடத்தில் அவள் மூச்சு எடுத்துப் பாட ஆரம்பித்தாள். அடுத்து வயலின் வாசிக்கும் பஸ் டிரைவரின் அங்கி வந்தது. பிறகு முன்வரிசையிலிருந்து கோட்டுகள் கை மாறி மாறி மேடைக்கு வந்தன. ஆவிக்கு நடுவே அவள் வெளுத்து வாங்கினாள்.

மறுநாள் பேப்பரில் உழைப்பைக் குறியீடாக்கிய துணிச்சலான மேடை உத்தி என்று எழுதினார்கள். அந்த யோசனை தனக்கு ஒரு மழை நாளில் தோன்றியதாக மச்சினன் பேட்டி கொடுத்தான். போட்டோவில் மட்டும் கத்தி முனை மடிப்போடு, பாங்க் மேனேஜர் மாதிரி நிற்கிறான்.

ஆனால் பாட்டு முடிந்த அந்த நிமிஷத்துக்கு வருவோம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இஸ்திரிக்காரர் பழக்கப்படி கைகளைத் தொங்கவிட்டு நின்றார். மனைவி பக்கத்தில் வந்தாள்.

"நீங்களும் தட்டுங்க."

"வேணாம்மா. தப்பிடும்."

"தப்பட்டும்."

அவர் தட்டினார். மற்றவர்களுக்கு ஒரு அடி பிந்தித்தான் விழுந்தது. அவள் மற்றவர்களை விட்டுவிட்டு, அவருடைய அடுத்த தட்டுக்காகக் காத்திருந்து, அதோடு சேர்த்துத் தட்டினாள்.