அப்பாவுக்குத் தெரியாதவர்

ஜெலாப்பாங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்குப் போகும் சாலையில், நெடுநாளாக மூடிக் கிடந்த ஒரு உதிரிபாகக் கடையை யாரோ வாடகைக்கு எடுத்துப் பச்சை வண்ணம் அடித்தார்கள். வீடில்லாதவர்கள் தங்கலாம் என்று கதவில் மூன்று மொழிகளில் எழுதி, அதற்கு மேலே சின்னதாக ஒரு சிலுவையும் வரைந்தார்கள். அப்பாவின் கண்ணில் எழுத்து படவில்லை. சிலுவை பட்டது.

அப்பா கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் தாமான் கோவிலில் செயலாளர். இரண்டு இடத்திலும் அவர் வேலை ஒன்றுதான், எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது. சோறு போட்டு ஆள் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பச்சைக் கடையைப் பற்றி அவர் உடனே முடிவுக்கு வந்துவிட்டார். இன்றைக்குச் சோறு, நாளைக்கு ஞானஸ்நான முழுக்கு என்று வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோவிலில் வெகுநேரம் பேசினார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்லும் பொறுப்பையும் அவரிடமே விட்டார்கள்.

தனியாகப் போனால் உளவு பார்க்க வந்தவர் என்று தெரிந்துவிடும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பழைய துணிகளை ஒரு பையில் கட்டி என் மடியில் வைத்தார். மோட்டார் சைக்கிளை முடுக்குவதற்கு முன்னால், "அங்க எது குடுத்தாலும் குடிச்சிடாத" என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத காரணம் எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

உள்ளே இருட்டறை இருக்கும், அழுகைச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். வரிசையாக மெத்தைகளும், கொடியில் கைலிகளும், நெத்திலி பொரித்த வாசனையும்தான் இருந்தன. ஒரு சீனத் தாத்தா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை நடத்தியவர் முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். அவர் கணவர் லாரி ஓட்டுநர், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பாஸ்டர். அக்கா எங்கள் பையைப் பிரித்து ஒவ்வொரு சட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழிந்ததைத் தள்ளிவிட வந்திருக்கிறோமோ என்று அவருக்கும் எங்கள்மேல் சந்தேகம்.

அப்பா சுற்றி வளைத்து, இங்கே எத்தனை பேர் மதம் மாறியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

அக்கா சட்டையை மடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம பாட்டுப் பாடுவோம்ணே. விருப்பம் இருந்தா வருவாங்க. வராதவங்களுக்கும் அதே சோறுதான்லா" என்றார்.

கெட்டிக்காரச் சதிகாரர் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுகிறார் என்பதுபோல அப்பா எனக்குக் கண் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் பின்கட்டிலிருந்து ஒருவர் தட்டில் சூடான மைலோ பானம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள். தலைமுடி உதிர்ந்து, ஒரு காலில் கட்டுப் போட்டு, மற்ற காலில் மட்டும் சிலிப்பர் அணிந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குவளைகள் ஒன்றோடொன்று இடித்து மைலோ தட்டில் சிந்தியது. அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே இருந்தார்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்சவராண்ணே?"

"இல்லையே" என்றார் அப்பா. கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஆள் தட்டை மேசையில் வைத்தார். "எனக்கும் தெரியாதுக்கா. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு என் பக்கத்தில் சிரமப்பட்டுக் குனிந்து, குவளையைக் கையில் கொடுத்து, எந்தப் பள்ளிக்கூடம், என்ன பாடம் பிடிக்கும் என்றெல்லாம் விசாரித்தார். பதில் சொல்லிக்கொண்டே நான் மைலோவை முழுக்கக் குடித்துவிட்டேன். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று என்னைச் சோதித்துப் பார்த்தேன். திருநீறு பூசினேன். நெற்றியில் ஒட்டியது. மைலோவைப் பற்றிய சந்தேகம் அதோடு தீர்ந்தது. அந்த ஆளைப் பற்றியது தீரவில்லை. அவன் கத்திக்குத்து ஆசாமி, அதனால்தான் அப்பா பயந்துபோனார் என்று எனக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் எல்லாரும் அப்பாவின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒன்றும் தப்பாக நடக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். போன வாரம் அத்தனை நேரம் பேசியவர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சந்தேகம் பச்சைக் கடையை விட்டு அப்பாமேல் திரும்பியது. அதற்கேற்ப அவரும் சனிக்கிழமைகளில் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். காலையில் சாப்பாட்டை வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டிக் கொடுக்கச் சொன்னார். அவருடைய மோட்டார் அந்த வாசலில் நிற்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து சொன்னார். கோவில் தலைவர் ஒருநாள் தேநீர் குடிக்க வந்தவர், பேச்சு முழுக்க அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவைச் சங்கிலி எதுவும் தென்படாததில் அவருக்கு ஏமாற்றம்தான்.

அம்மா நேரடியாக எதுவும் கேட்கவில்லை. அப்பா குளிக்கப் போனதும் அவர் பையைத் துழாவினார். பைபிள் கிடைக்கவில்லை. துணிக்கட்டும் மருந்துப் பசையும் கிடைத்தன. அதைப் பார்த்த பிறகு அம்மாவின் சந்தேகம், தாதியாக இருந்த அந்த அக்காவை நோக்கி, இன்னும் மோசமான திசையில் போயிருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை மாலை கதவைப் பூட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

முன்கதவு திறந்தே இருந்தது. எங்களை யாரும் தடுக்கவில்லை. பின்கட்டில், குழாயடிக்குப் பக்கத்தில், அப்பா ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒல்லி மனிதரின் கால் அவர் மடியில் இருந்தது. அக்கா நின்றுகொண்டு சொல்லித்தர, அப்பா புண்ணைத் துடைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர் திறந்து கிடந்தது. உள்ளே அம்மா வைத்த மீன் குழம்பு.

சத்தம் போடத்தான் அம்மா வந்திருந்தார். வாயைத் திறந்தவர், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலை போட்ட ஒரு படம் இருந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று சொல்லியிருந்தார்கள். வருசா வருசம் அம்மா அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டுப் படைப்பார். படத்தில் இருந்தவருக்கு அடர்த்தியான முடியும் பெரிய மீசையும் உண்டு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் படத்தின் கண்ணாடியை வாரந்தோறும் துடைத்த அம்மாவுக்குத் தெரிந்தது.

"செத்துட்டாருன்னு சொன்னீங்க" என்றார் அம்மா, மெதுவாக.

அப்பாவின் கை துணிக்கட்டோடு நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. அக்கா, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

பெரியப்பா அப்பாவின் மடியிலிருந்து காலை மெல்ல எடுத்துத் தரையில் ஊன்றினார். "நான்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றார். "தோட்டத்துல சண்டையில ஒருத்தன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிட்டேன். இவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஜெயில்காரன் தம்பிக்கு யாரு பொண்ணு குடுப்பா? அண்ணன் செத்துட்டான்னு சொல்லிடுன்னு ஆள் விட்டுச் சொன்னேன். இவன் மாட்டேன்னுதான் சொன்னான்."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அம்மா அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அவர் கண் டிபன் கேரியருக்குப் போனது.

"உப்பு பத்துதா?" என்று கேட்டார்.

"பத்துதும்மா."

அன்றைக்கே அம்மா அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார். வீட்டோடு வந்து இருக்கும்படி பெரியப்பாவை எத்தனையோ தரம் கூப்பிட்டும் அவர் வரவில்லை. பெருநாளுக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் வருவார். அங்கே வெங்காயம் உரிக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்பார். காலையில் பாட்டு நேரத்தில் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார், வந்ததும் திருநீறு பூசிக்கொள்வார். முழுக்கு மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லையாம். அப்பா கோவில் செயலாளர் பதவியை விட்டுவிட்டார், அதற்குக் காரணம் கேட்டவர்களுக்கு வேலை அதிகம் என்றார்.

எனக்கு விளங்காதது அம்மாதான். பெரியப்பாவுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். அப்பாவோடு மட்டும் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது என்ன நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பெரியப்பாதானே சொல்லச் சொன்னாரு. அப்பா மேல ஏன் கோவம்?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். போய்க் கை கழுவிவிட்டுச் சாப்பிட வா என்று மட்டும் சொன்னார்.

நான் பெரியப்பா சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். அந்தப் பின்கட்டில் அப்பா நிமிர்ந்து தன் அண்ணனைப் பார்த்த பார்வையை நானும்தான் கண்டேன். ஜெயிலிலிருந்து ஆள் விட்டுச் சொன்ன அந்தச் செய்தியை அப்பாவும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார் என்பது, அம்மாவுக்குப் புரிந்ததுபோல, எனக்கு அப்போது புரியவில்லை.