எட்டாம் நம்பர் ப்ளக்

மாதனூர்ப் பக்கம் காய்ந்த ஏரிக்குள் நடந்த இரண்டு மண் ரேஸிலும் என் வண்டி முதல் திருப்பத்தைத் தாண்டியதும் இருமிவிட்டு நின்றுபோனது. பழைய டூ ஸ்ட்ரோக் பைக். நானே பிரித்து நானே பூட்டியது. மூன்றாவது தடவையும் நின்றால் விற்றுவிடுகிறேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். அப்பாவோ, "நல்ல முடிவு" என்றார்.

இரண்டு தடவையும், எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் நுனி கன்னங்கரேல் என்றிருந்தது. இதைப் பற்றி இணையத்தில் கிடைத்ததை எல்லாம் படித்திருந்தேன். நம்பர் கூடினால் ப்ளக் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும். அதிகம் குளிர்ந்தால் கரி படியும். நம்பர் குறைந்தால் சூடு தங்கும், கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சூடு அளவு மீறினால் பிஸ்டனில் ஓட்டை விழும். வண்டியில் இருந்தது எட்டு. கரி படிகிறது, ஆகவே ஆறு. வேலூர் போய் வாங்கியும் வந்துவிட்டேன்.

ரேஸுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை. மதியம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய தங்கச்சி, நான் கழற்றி வைத்திருந்த ப்ளக்கை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில், தோலின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை.

"இன்னாண்ணா இது, அடுப்புல இருந்து எடுத்தியா?"

"ப்ளக்கு. இளம் பிரவுனா இருந்தா சரியான நம்பர்னு அர்த்தம். இது கறுப்பு. மாத்தப்போறேன்."

"எப்ப எடுத்த?"

"இப்பத்தான். டிராக்ல நாலு ரவுண்டு விரட்டினேன், மெதுவா வீட்டுக்கு ஓட்டினு வந்தேன், கழட்டினேன்."

"மெதுவா வந்தியா? அப்ப இது மெதுவா வந்த கலரு. விரட்டின கலரு எங்க?"

நான் ப்ளக்கை எடுத்து இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தேன்.

"ஈரத்தோல்ல ஷேடு பாத்து ஓகேன்னு சொன்னா எங்க சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. காய்ஞ்சா அது வேற கலரு. நீயெல்லாம் இஞ்சினியரு!"

சாப்பிட்டதும் அவளையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனேன். கைவசம் வைத்திருந்த புது எட்டாம் நம்பரை மாட்டி, நீளமான நேர்கோட்டில் முழு வேகத்தில் விரட்டினேன். அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து, உருண்டுபோய் நின்ற இடத்திலேயே ப்ளக்கைக் கழற்றினேன். விரல் சுட்டது. துணியில் வாங்கிய தங்கச்சி வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"பிஸ்கட் கலரு. ஓகே."

எட்டுதான் சரி. ஆறைப் போட்டு ஓட்டியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும் என்று நினைத்ததும் அந்த வெயிலிலும் எனக்குச் சில்லென்றது.

"அப்ப ரேஸ்ல ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாள்.

யோசித்தேன். ரேஸ் தொடங்கும் கோட்டில் நிறுத்தி, எஞ்சினை மெல்ல உறுமவிட்டபடி, கொடி அசையும்வரை நண்பர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பேன். கரி முழுக்க அங்கேதான் படிந்திருக்கிறது. சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போட்டோ பைத்தியம். கேக்கவே பேஜாரா இருக்கு."

ஞாயிறன்று ஒரு சுற்று விரட்டிச் சூடாக்கி, கோட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டேன். பக்கத்து வண்டிக்காரன், "இன்னாபா, இங்கயே நின்னுட்ச்சா?" என்றான். சுற்றிலும் சிரிப்பு. கொடிக்காரர் கையைத் தூக்கும்போது கிக்கரை உதைத்தேன். முதல் உதைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் பிடித்தது. எல்லோருக்கும் பின்னால்தான் கிளம்பினேன்.

முதல் திருப்பம் போனது. இருமல் இல்லை. அடுத்ததும் போனது. ஹெல்மெட்டுக்குள் நான் கத்திய கத்தலில் எனக்கே காது அடைத்தது. நான்கு பேரைத் தாண்டினேன். அதற்கப்புறம் யாரையும் காணவில்லை; டிராக் முழுவதும் எனக்கே என்பதுபோல ஓட்டினேன். ஒரு வளைவில் தங்கச்சி கயிற்றைத் தாண்டி ஓடிவந்து துப்பட்டாவை வீசினாள்.

"அண்ணா, நிறுத்து! ரேஸ் முடிஞ்சி ஒரு ரவுண்டு ஆச்சு!"

இதற்குமுன் ஒரு ரேஸையும் முடித்திராததால், முடிவுக் கொடியைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பதினோரு பேரில் ஏழாவது. வீட்டில் கதை முழுவதையும் கேட்ட அப்பா, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நிக்க வேண்டிய எடத்துல நிக்க மாட்டேங்குது. சரி, வெச்சுக்க" என்றார்.