டிரைசூட்டுக்குள் ஒரு காட்டன் பனியன்

எனக்கு டைவிங் பைத்தியம் என்று கிண்டலடிக்கும் வாசகர்களே, இந்த வாரம் கோபம்தான். சிரிக்கத் தோன்றினால் கடைசியில் சிரித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு. மார்த்தாண்டம் பக்கம், மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு பழைய கல்குவாரி. தண்ணீர் புகாத டிரைசூட் போட்டு மூழ்கிப் பழகிக்கொண்டிருந்த என் நண்பன் அசீம் மேலே வந்தான். குளச்சல்காரன், சிப்பி எடுக்கக் கடலில் முங்கி வளர்ந்தவன். அவனுக்குப் பற்கள் தந்தியடித்தன!

அடுத்த மாதம் நார்வேயில் மீன் பண்ணை டைவர் வேலைக்குப் போகிறான். நம்மூர்த் தண்ணீருக்கே இப்படி என்றால்... அங்கே?

"உள்ள என்னலே போட்டிருக்க?"

"காட்டன் பனியனாக்கும். தண்ணி உள்ள வராதுல்லா? பின்ன எதுக்கு மக்கா கம்பளி?"

அடப்பாவி! டிரைசூட் தண்ணீரைத்தான் தடுக்கும். உடம்பின் வெப்பத்தைக் காப்பது உள்ளே போடும் கம்பளியும் அதில் தங்கும் காற்றும். காட்டன் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்துணியாக உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

அவன் கழுத்தைப் பார்த்தேன். தண்ணீர் புகாமல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கவேண்டிய ரப்பர் பிசுபிசுவென்று இளகி, ஓரத்தில் கிழிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம்.

"எண்ணெய் தேச்சியா?"

"சிப்பிக்குப் போம்ப தேய்க்கதுதானே? தல வழுக்கிட்டு உள்ள போவும். டைவிங் படிப்பிக்க மாஸ்டரும் தெனமும் பாத்துட்டுதான் நின்னாரு."

பார்த்துக்கொண்டு நின்றாராம்! எண்ணெய் அந்த ரப்பரைத் தின்றுவிடும் என்று சொல்ல ஒரு வாய் இல்லையா? நம் ஊர்ப் பயிற்சிகள் பல இப்படித்தான் — சர்டிபிகேட்டை லேமினேட் செய்து தருவார்கள். எதனால் சாவாய் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாளே அசீமை இழுத்துக்கொண்டு கருங்கலில் இருக்கும் மாஸ்டரின் ஆபீஸுக்குப் போனேன். ஏசி ஓடியது. மாஸ்டர் ஸ்வெட்டரில் இருந்தார். நான் கத்தி முடித்ததும் சிரித்தார்.

"தம்பி, குளிருங்கது மனசுலயாக்கும். பழகினா போயிரும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மேஜையிலிருந்த ஏசி ரிமோட்டை எடுத்தேன். பதினாறு டிகிரியில் வைத்தேன். என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்து, அவர் உடம்பிலிருந்த ஸ்வெட்டர். "மாஸ்டர், மொதல்ல அதக் கழத்துங்க. மனசுதானே?" என்றேன். வீம்புக்குக் கழற்றினார்.

பிறகு நிதானமாக ஆரம்பித்தேன். அசீமுக்குப் புதுக் கழுத்து ரப்பர். கம்பளி உள்ளுடை. முதலிலிருந்து முறையான பயிற்சி. அதுவரை அவன் விமானம் ஏறமாட்டான்.

மாஸ்டர் கைகளைக் கக்கத்தில் சொருகினார். உள்ளங்கைகளைத் தேய்த்தார். கடைசியில், "எல்லாம் செஞ்சு தாரேன் தம்பி... அந்த ரிமோட்ட இங்க தாருங்க!" என்றார்.

அசீம்தான் பதில் சொன்னான்:

"பழகினா போயிரும் மாஸ்டர்."