வரைபடத்தில் படகைக் காணோம்

லுமுட் படகுத்துறை ஜெட்டியைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். இன்று அதற்கான கூட்டம்.

பங்கோர் தீவுக்குப் படகு ஓட்டும் அந்தோணி அண்ணன், "இன்னைக்கு ஒரு கை பாத்துடுறேன்லா" என்று சித்தியவானில் பஸ் ஏறும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டார்.

கூட்டத்தில் அதிகாரி முதலில் சுடச்சுடக் கறிபாப் பலகாரம் கொடுத்தார். அண்ணனின் வாய் அதிலேயே அடைபட்டுவிட்டது.

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அவர் மனைவி மேரி அக்காதான் எழுந்தார். "பூச்சட்டி இருக்கு, பெஞ்சு இருக்கு. எங்க படகை எங்க கட்டுறது?"

"அதெல்லாம் தள்ளி, ஆத்துப் பக்கம் போயிடும்மா" என்றார் அதிகாரி.

"அப்ப தீவுக்குப் போறவங்க பெஞ்சுல உக்காந்தா போவாங்க?"

கூட்டமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார். ஒரு வரிசைப் பூச்சட்டியை அடித்துவிட்டு, அங்கே 'படகுகள்' என்று எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் சொன்னார்: "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் வீட்டு வீரர்கள் எப்படி?